சீனி பார்க்கும் சென்சரைப்போல வயலுக்கும் தென்னைக்கும் ஒன்று இறக்கலாமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். தொழில்நுட்பம் படிக்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய சென்சரை அம்மாவின் கையில் போட்டுவிட்டவர் இவர்தான். “அப்ளிகேட்டரைக் கையில் வைத்து அழுத்த ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ‘நோகல்ல மகன்’ என்றா அம்மா. இதே மாதிரி ஒன்றைச் செய்து அப்பாவின் வயலுக்கும், வளவுத் தென்னைக்கும், கிணற்றுக்கும் சென்சர் இறக்கலாமா? எதில் தொடங்குவது?” இதுதான் கேள்வி. வைத்தியசாலை உபகரணங்களோடு பல வருடம் வேலை செய்துவிட்டு, பிறகு மண், நீர் அளவீட்டுப் பக்கம் வந்தவன் என்பதால், இதற்கு நீளமாகவே பதில் எழுத ஆசை.

தம்பி, வயலுக்கு இறக்கலாம். கிணற்றுக்கும் இறக்கலாம். தென்னைத் தண்டுக்கு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், நீங்கள் அம்மாவின் கையில் பார்த்ததில் எது பெறுமதியானது என்று பிரித்துப் பாருங்கள். அந்தச் சென்சரின் இழை குளுக்கோஸ் அளக்கும். வயலில் அதற்கு வேலையில்லை. மண்ணின் ஈரம், உப்பு, வெப்பம் அளக்கும் சென்சர்கள் எப்போதோ வந்துவிட்டன, விலையும் குறைந்துவிட்டது. நமக்குக் கடனாக வேண்டியது அந்த ‘டக்’ என்ற ஒரு நொடிக்குள் நடக்கும் வேலை. ஒரு பக்கம் வெட்டு விட்ட ஊசி, அரை மில்லிமீட்டரும் இல்லாத இழையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு தோலுக்குள் போகிறது. சுமார் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் இழையை விட்டுவிட்டு ஊசி மட்டும் திரும்பி வருகிறது. கிழிக்கும் வேலை முழுவதும் ஊசியுடையது. மென்மையான இழை எந்த விசையையும் தாங்கவில்லை. எவ்வளவு ஆழம் என்பதையும் உங்கள் கை தீர்மானிக்கவில்லை, கருவி தீர்மானித்தது.

டெங்கு வார்டில் சேலைன் ஏற்றக் கனுலா போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் இதே கதைதான். உருக்கு ஊசி வழி திறக்கும், பிளாஸ்டிக் குழாய் தங்கும், ஊசி வெளியே வரும். கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியில் இந்த யோசனை இன்னும் தெளிவாகத் தெரியும். இப்போதைய அப்ளிகேட்டர் குச்சியை உள்ளே தள்ளுவதில்லை. குச்சி இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றியிருக்கும் ஊசியைத்தான் பின்னுக்கு இழுக்கிறது. இரத்தக் குழாய்க்குள் தானாக விரியும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயும் அப்படித்தான். உறையைப் பின்னுக்கு இழுக்க அது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளாதே, உறையை இழு. மருத்துவ உலகம் பல வருடம் பட்டுக் கற்ற பாடம் இது. மண்ணுக்கு நான் கொண்டுவர விரும்புவதும் முதலில் இதைத்தான்.

ஏன் என்று வயலில் இறங்கிப் பார்ப்போம்.

ஈரம் அளக்கும் கொள்ளளவுச் சென்சர்கள் மண்ணின் மின்காப்பு மாறிலியை, அதாவது மின்சக்தியைத் தேக்கும் திறனை, பார்க்கின்றன. காற்றுக்கு அது 1, காய்ந்த மண்ணுக்கு 4 அளவில், தண்ணீருக்கு 80. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது. ஆனால் சென்சர் பார்ப்பது தன் உடம்பைச் சுற்றிய சில சென்டிமீட்டர் மண்ணை மட்டும். அதிலும் தன்னோடு ஒட்டியிருக்கும் முதல் சில மில்லிமீட்டருக்குத்தான் அதிக கனம். அந்த இடத்தில் ஒரு மெல்லிய காற்றிடைவெளி இருந்தால் ஈரமான மண்ணையும் அது காய்ந்தது என்று சொல்லும். அதே இடைவெளியில் மழைத் தண்ணீர் வழிந்து இறங்கினால் காய்ந்த மண்ணையும் நனைந்தது என்று சொல்லும். சென்சரில் பிழையில்லை, வைத்த விதத்தில்தான் பிழை. “இந்தச் சென்சர் சரியில்லை” என்று என்னிடம் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதை எப்படி மண்ணுக்குள் வைத்தீர்கள் என்பதைத்தான்.

குளத்து நீர் பாயும் நமது களிப்பு வயல்களில் இது இன்னும் மோசம். கம்பியால் ஒரு துளை போட்டுச் சென்சரைத் தள்ளினால், துளையின் சுவர் ஈரக் களிமண்ணால் மெழுகிய திண்ணை போல மினுங்கும். மண்ணின் நுண்துளைகள் அந்த மெழுகலில் அடைபட்டுவிட்டன. சென்சருக்கும் மண்ணுக்கும் நடுவே இப்போது வேறொரு மண் இருக்கிறது. உழவு ஆழத்துக்குக் கீழே, 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு இடையில், உழவு இயந்திரம் அமுக்கி அமுக்கி உண்டான கடினப் படை ஒன்று உண்டு. தண்ணீர் கீழே போகாமல் வயலில் நிற்பதே அதனால்தான். அதை நீங்கள் குத்திக் கிழித்துவிட்டு ஓட்டையை அடைக்காமல் வந்தால், அப்பாவின் வயலில் தண்ணீர் இறங்க ஒரு வழி வெட்டிக் கொடுத்ததாகும்.

ஆகவே கருவியை இப்படிச் செய்யுங்கள். சுவர் மெல்லியதாக, துருப்பிடிக்காத உருக்கில் ஒரு குழாய். உட்பக்கம் சென்சர் தாராளமாகப் போய்வர வேண்டும். அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும், முனை கூரான ஒரு கம்பி; சத்திர சிகிச்சையில் ட்ரோகார் என்பார்களே, அதேதான். குழாயின் வெளிப்பக்கம் நீங்கள் வேண்டிய ஆழத்தில் ஒரு வளையத்தை வெல்டிங் பண்ணிவிடுங்கள். அந்த வளையம் மண்ணில் முட்டினால் மேலே போகாது. யார் இறக்கினாலும் ஆழம் ஒன்றே. வயலில் நின்ற நீர் வற்றி, சேறு கால் புதையும் பதத்தில் இருக்கும்போது கம்பியும் குழாயும் சேர்த்து நேராக இறக்குங்கள். கம்பியை மட்டும் உருவுங்கள். அதே ஆழத்தில் பக்கத்தில் எடுத்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, மூக்குக் குழாயால் உணவு கொடுக்கப் பாவிக்கும் 60 மில்லிலீட்டர் சிறிஞ்சில் இழுத்து, குழாயின் அடியில் கொஞ்சம் விடுங்கள். சென்சரை இறக்குங்கள். இப்போது கம்பியின் தட்டையான மறுமுனையால் சென்சரை அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மெதுவாக மேலே இழுங்கள். இழுக்க இழுக்க மீதிக் கூழையும் விடுங்கள். சேறு தானே வந்து சென்சரை அணைக்கும், வழியும் மூடும். மேலே தெரிவது ஒரு வயர் மட்டும். அதையும் வரம்போரமாக எடுத்துவிட்டால் களை பிடுங்குபவர்களின் கால் தட்டாது.

சிறுபோகத்தில் களி வெடிக்கும்போது இந்த அணைப்பு விட்டுப்போகும். அதற்கு எந்தக் கருவியாலும் பரிகாரமில்லை. வெடிப்பு விழுந்த நாட்களின் வாசிப்பை நம்ப வேண்டாம் என்று குறித்து வையுங்கள்.

எதை அளப்பது? வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க இவ்வளவு பாடு தேவையில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை, பக்கமெல்லாம் துளை போட்ட ஒரு குழாயை வயலில் நட்டு, நீர் மட்டம் மண் மேற்பரப்பில் இருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் திரும்பப் பாய்ச்சுவது. ஒரு துண்டு எஸ்லோன் குழாயும் ஒரு அடிமட்டமும் போதும். பூக்கும் காலத்தில் வயலில் நீர் நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டு இலத்திரனியலை நாடுவது எனக்கு உடன்பாடில்லை.

இறக்கும் கருவிக்கு உண்மையான வேலை இருப்பது வேறு இரண்டு அளவீட்டில். ஒன்று மண்ணின் ரெடொக்ஸ் அழுத்தம்: மண்ணில் ஒட்சிசன் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று காட்டும் மின்னழுத்தம். நீர் கட்டிய வயலில் ஒட்சிசன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும்; பிறகு நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று ஒவ்வொன்றாக நுண்ணுயிர்கள் பயன்படுத்தி முடித்து, கடைசியில் மீதேன் கிளம்பும். அந்த இறக்கத்தைப் பிளாட்டினம் முனையுள்ள மெல்லிய கம்பியால் மில்லிவோல்ட்டில் தொடர்ந்து பார்க்கலாம். அந்த முனை தள்ளினால் வளையும், ஒட்டும் விடும். உறைக்குள் வைத்து இறக்கி உறையை இழுக்க வேண்டிய பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மற்றது உப்பு. வாவிக்கரையோர வயல்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வாவி கடலில் சேரும் முகத்துவாரமும் கல்லாற்று வாயும் திறக்கிற, மூடுகிற காலத்தைப் பொறுத்து வாவி நீரின் உப்பு ஏறி இறங்கும். நெல்லுக்கு வேர் மண்ணின் மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரை பெரிய பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விளைச்சலில் சுமார் 12 வீதம் போகும் என்பது 1977இல் வெளியான, மாஸ், ஹொஃப்மன் என்ற ஆய்வாளர்களின் அட்டவணை. நாற்றுப் பருவமும் கதிர் கட்டும் பருவமும்தான் மிகவும் நொய்மையானவை. மேலே நிற்கும் நீர் மழையால் இனிப்பாக இருக்கும்போதே வேர் மட்டத்தில் உப்பு தங்கியிருக்கலாம். அதனால்தான் அளவை வேர் இருக்கும் ஆழத்தில் எடுக்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மருத்துவத்தில் இருந்து மண்ணுக்கு ஏற்கனவே வந்து சேர்ந்த ஒரு முறையே இருக்கிறது. மைக்ரோடயலிசிஸ் என்பார்கள். மூளையில் நரம்புகளுக்கிடையே என்ன இரசாயனம் ஓடுகிறது என்று பார்க்க, நுனியில் நுண்துளைச் சவ்வு கொண்ட மெல்லிய குழாயை உள்ளே வைத்து, திரவத்தை மெல்ல மெல்லச் செலுத்துவார்கள். சவ்வு வழியே சிறு மூலக்கூறுகள் மட்டும் ஊடுருவி உள்ளே வரும். சுவீடனில் நரம்பியலாளர்கள் வளர்த்த இந்த முறையை, 2011 அளவில் அதே நாட்டின் காட்டு மண் ஆய்வாளர்கள் எடுத்து மண்ணில் வைத்தார்கள். மண்ணைத் தோண்டி, சலித்து, உப்புக் கரைசலில் குலுக்கி அளப்பது வழமை. தோண்டாமல், வேர் உறிஞ்சுவதுபோலவே மெல்ல ஊடுருவ விட்டு அளந்தபோது, மரங்களுக்குக் கிடைக்கும் நைதரசனில் அமினோ அமிலங்களின் பங்கு அதுவரை நினைத்ததைவிட மிகப் பெரிதாகத் தெரிந்தது. கருவியை மென்மையாக வைத்ததால் விடையே மாறியது. இதை வாசித்த நாள் தொடக்கம் என் வேலையின் திசையும் மாறியது என்றே சொல்வேன்.

இதன் எளிய தம்பி ஒன்று நமக்கு எட்டும் தூரத்தில் உண்டு. ரைசோன் என்று விற்கும் மண்நீர் உறிஞ்சி: 2.5 மில்லிமீட்டர் தடிப்பில், 0.15 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட நுண்துளைக் குழாய். ஒரு முனையில் சிறிஞ்சை மாட்டி இழுத்து, கைபிடி திரும்பிப் போகாமல் ஒரு தடிக்கட்டையைச் செருகிவிட்டால், அந்த வெற்றிடம் மண் நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். சில மணி நேரத்தில் தெளிந்த நீர் சிறிஞ்சில் இருக்கும். பற்றரி இல்லை, வயர் இல்லை.

களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். மிளகாய், வெங்காயம், வெற்றிலை என்று ஓயாத செய்கை. மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீரோடு கீழே இறங்கி, அதே வளவின் கிணற்றுக்கே திரும்பி வரலாம். குடிநீரில் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியம். வேருக்குள் 20 சென்டிமீட்டரில் ஒன்று, வேருக்குக் கீழே 60 சென்டிமீட்டரில் ஒன்று என்று இரண்டு உறிஞ்சிகளை இறக்கி, பசளை போட்ட பிறகு வரும் நாட்களில் இரண்டிலும் நைத்திரேற்றைப் பரிசோதனைத் தாளால் பார்த்தால், பசளையில் எவ்வளவு செடிக்கு எட்டாமல் தப்பி ஓடுகிறது என்று கண்ணால் காணலாம். 2021இல் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது இந்த மாவட்டம் பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிடி பசளையும் வீணாகக்கூடாது என்று அதற்குப் பிறகு சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

தென்னைக்கு வருவோம். உடம்புக்குள் எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு கூடு கட்டும். சீனிச் சென்சர் ஆயுள் இரண்டு வாரம் என்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மரங்களும் சும்மா இருப்பதில்லை. காயம் பட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி மற்றப் பகுதியைக் காக்கும் என்று அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் விளக்கினார். சாறோட்டம் அளக்க 1985இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிரானியே அமைத்த வெப்ப ஊசிகள் நாட்பட நாட்படக் குறைத்துக் காட்டுவது இதனால்தான்: ஊசியைச் சுற்றியிருந்த குழாய்கள் அடைபட்டுவிடுகின்றன. மாமரம் அந்த ஊசியைத் தாங்கும், ஆறும். கஜு மரம் பிசின் வடித்து ஊசியையே மூடிவிடும்.

ஆனால் தென்னை, பனை, கமுகு மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள். தண்டில் காயத்தை மூடி வளரும் மாறிழையப் படை இல்லை. இன்று துளைத்த ஓட்டை மரம் உள்ளவரை ஓட்டைதான். காயத்தில் சாறு புளிக்கும் மணத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், அங்கே முட்டையிடும். புழுக்கள் உள்ளே குடைந்து திரிவது வெளியில் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். நல்ல மரத்தின் சுகத்தை அளக்கப் போய் அதற்கே வருத்தத்தைக் கொடுக்கக்கூடாது. அளந்தே ஆக வேண்டுமென்றால் தண்டைத் தொடாமல் மட்டையில் அளவிடுங்கள். தென்னை மாதம் ஒன்றாக வருடத்துக்குப் பன்னிரண்டு அளவில் மட்டை விடும், பழையது தானே விழும். காயமும் அதோடு போகும். அதிலும் தண்டில் இருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் குத்துங்கள். பச்சை மட்டையை வெட்டும்போது ஒரு மீட்டருக்கு மேல் விட்டு வெட்டச் சொல்வது, வண்டின் புழு அந்தக் காயத்தில் இருந்து தண்டை எட்டாமல் இருக்கத்தான். ஊசிக்கும் அதே கணக்கு. மரத்துக்கு மரம் போகும்போது முனையை மதுசாரத்தால் துடைக்காமல் குத்தாதீர்கள்.

மாடு, எருமை விடயத்தில் இந்தத் தொழில்நுட்பம் ஏற்கனவே பழுத்துவிட்டது. சிறிஞ்சால் தோலுக்கடியில் வைக்கும் கண்ணாடிக் குமிழ் அடையாளச் சிப், விழுங்க வைத்து இரைப்பையின் இரண்டாம் அறையில் தன் பாரத்தாலேயே தங்கிவிடும் குளிகைச் சென்சர், இரண்டும் உலகமெங்கும் பாவனையில் உள்ளன. மந்தையாக மேயும் நம் பக்கத்து மாடுகளுக்கு அடையாளச் சிப் பயன்தரும். வெப்பம் காட்டும் குளிகை பெரிய பாற்பண்ணைக்குத்தான் கட்டுபடியாகும்.

கிணற்றுக்கு இறக்கலாம் என்றேன். கடற்கரை மணலுக்கடியில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது இருக்கும் என்பது பழைய கணக்கு. அதாவது மேலே ஒரு சாண் இறங்கினாலும் கீழே பெரிதாக இழக்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கத்துக் கிணறுகள் உப்பான கதையை ஊரே அறியும். இறைத்து இறைத்துக் கழுவியதில் சில இடங்களில் கீழிருந்த உப்பு மேலே வந்தது. குழாய்க்கிணற்றில் பல ஆழங்களில் உப்பை அளக்க, ஊதிப் பெருக்கும் பலூனால் இடையிடையே அடைத்து ஒவ்வொரு மட்டத்து நீரையும் தனித்தனியே எடுப்பார்கள். அடைத்த இதய இரத்தக் குழாயைப் பலூனால் திறக்கும் சிகிச்சையை 1977இல் சூரிச்சில் முதலில் செய்த வைத்தியர் குருண்ட்சிக்கின் கருவிக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. மெல்லிய பலூன் செய்யும் மருத்துவத் தொழில்நுட்பம், நாலு அங்குலக் குழாய்க்குப் பதில் ஓர் அங்குலக் குழாயிலேயே இதைச் செய்ய இடம் தரும். வாவிக்குள் சென்சர் வைப்பது வேறு பாடு. சில வாரங்களில் பாசியும் சிப்பியும் மூடிவிடும். அதை இப்போது தொட வேண்டாம்.

கடைசியாக, திரும்ப எடுப்பது. கருத்தடைக் குச்சியில் எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே பேரியம் சல்பேற்று சேர்த்திருக்கிறார்கள், எடுக்க வேண்டிய நாளில் தேடிக் கண்டுபிடிக்க. நம் வயலில் இறக்கும் எதுவும் அடுத்த உழவுக்கு முன் வெளியே வந்தாக வேண்டும். சுழல் கலப்பையில் அகப்பட்டால் சென்சரும் போகும், கலப்பையும் போகும், லிதியம் பற்றரி மண்ணில் கிடக்கும். 134.2 கிலோஹேர்ட்ஸில் பேசும் மாட்டுச் சிப் ஒன்றை ஒவ்வொரு சென்சரிலும் ஒட்டிவிடுங்கள். அந்த அலை ஈர மண்ணை ஊடுருவும். வைஃபை அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். எட்டும் தூரம் குறைவு என்பதால் வரம்பில் இருந்து அளந்த இடத்தையும் எழுதி வையுங்கள். கரைந்துபோகும் இலத்திரனியல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் ஜோன் ரொஜர்ஸ் ஆய்வுக் குழு 2012இல் மக்னீசியம், மெல்லிய சிலிக்கன், பட்டுநூல் கொண்டு செய்து காட்டியது. நல்ல திசைதான். ஆனால் தையல் நூலாக உடம்பில் கரையும் பொலிமர்கள் எல்லாம் மண்ணிலும் அதே வேகத்தில் கரையும் என்று நம்பிவிடாதீர்கள். பொலிலக்டிக் அமிலம் சாதாரண மண் வெப்பத்தில் வருடக்கணக்கில் கிடக்கும்.

அம்மா பாவித்து முடித்த அப்ளிகேட்டரைக் கழற்றி அதன் ஸ்பிரிங்கைப் பார்க்க ஆசை வரும். உள்ளே இரத்தம் பட்ட ஊசி இருக்கிறது. கூர்முனைக் கழிவுப் பெட்டியில் போட வேண்டிய பொருள் அது, கழற்ற வேண்டாம். ஸ்பிரிங்கும் தேவையில்லை, சேற்றுக்கு உங்கள் கை பலமே போதும்.

தொடங்குவதற்கு ஒரு வாளி. அப்பாவின் வயல் மண்ணை அதில் நிரப்பி நீர் கட்டி, ஒரு சென்சரைக் கையால் தள்ளியும், இன்னொன்றை உறையை இழுத்தும் இறக்குங்கள். வாளியை அடிக்கடி தராசில் நிறுத்து, நிறை குறைவதில் இருந்து உண்மையான ஈரத்தைக் கணக்கிட்டு, இரண்டு வாசிப்பில் எது அதற்குக் கிட்ட நிற்கிறது என்று மண் வெடிக்கும் வரை எழுதுங்கள். பிறகு கருவியைப் பெரும்போக விதைப்புக்கு முன் வயலுக்குக் கொண்டுபோகலாம். அப்பாவிடமும், வயல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையிடமும் எந்த மூலையில், எத்தனை துண்டு, எப்போது எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாளியின் கணக்கு கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வளையத்தின் ஆழத்தைச் சேர்ந்து முடிவு செய்வோம்.